கேஸ் ஜொண்டிஸ்

நான் நாலாம் வகுப்பு படித்த வருஷம் எங்கள் வீட்டில் யாரும் ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்ததாக எனக்கு ஞாபகமில்லை. கல்கத்தா ஜாதவ்பூரில், மெயின் ரோட்டிலிருந்து இரண்டு சந்து உள்ளே, ஒரு மாடி வீட்டின் கீழ்ப்பகுதியில் வாடகைக்கு இருந்தோம். அப்பா ஆபீஸிலிருந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் வாசலுக்கும் பின்கட்டுக்குமாக நடப்பார். அம்மா குக்கரை வைத்துவிட்டு எத்தனை விசில் வந்தது என்பதை மறந்துபோய் எங்களைக் கேட்பாள். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த அக்கா, புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அறை அறையாக இடம் மாறுவாள். மேலே மாடியில் வீட்டுக்காரம்மாவின் ரப்பர் செருப்பு, கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பட் பட்டென்று போய் வந்துகொண்டிருக்கும்.

எல்லாவற்றுக்கும் காரணம் கேஸ்.

வீட்டுக்காரம்மாவை நான் பிஷி என்று கூப்பிடுவேன். பெங்காலியில் அத்தை என்று அர்த்தம். கணவர் இறந்த பிறகு பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவள். ஐம்பது வயதிருக்கும், ஒரு பெண்கள் பள்ளியில் ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது ஊரிலிருந்து ஒத்தாசைக்கு ஆள் வர நாலு நாள் ஆயிற்றாம். அந்த நாலு நாளும் என்னைக் குளிப்பாட்டியது பிஷிதான். அப்புறம் அவளுடைய அப்பா இறந்தார். டெல்லியில் இருந்த அவள் அண்ணன், வீட்டை இடித்து ஃபிளாட் கட்ட ஒரு புரமோட்டரிடம் பேசி முடித்துவிட்டு, எங்களைக் காலி பண்ணச் சொன்னார். அப்பா முதலில் முடியாது என்றார். பிறகு, பெரியவளின் பரீட்சை முடியட்டும், போய்விடுகிறோம் என்றார். அதற்குள் இரண்டு பக்கமும் வக்கீல் வைத்துக்கொண்டுவிட்டதால் யாரும் யாரிடமும் நேராக எதுவும் சொல்ல முடியாமல் போய்விட்டது. பிஷியின் பெயரில் அலிப்பூர் கோர்ட்டில் கேஸ். வாய்தாவுக்கு மேல் வாய்தாவாக இரண்டு வருஷம்.

அந்த இரண்டு வருஷமும் அம்மாவும் பிஷியும் பேசிக்கொள்ளவில்லை. தண்ணீர் மோட்டாரை நிறுத்தச் சொல்வதற்குக்கூட நான்தான் மாடியேற வேண்டும். என்னோடு மட்டும் இரண்டு பக்கத்துக்கும் சண்டையில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஒருநாள் மாலை சமையலறையிலிருந்து அம்மா, "ஐயோ, கேஸ் தீந்துபோச்சே!" என்று கத்தினாள். நான் கேட்டது அவ்வளவுதான். இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே ஓடி, "பிஷி, கேஸ் ஷேஷ்!" என்று மூச்சு வாங்கச் சொன்னேன். கேஸ் முடிந்துவிட்டது! பிஷி முகம் வெளுத்து வக்கீலுக்குப் போன் செய்தாள். அவர் கிடைக்கவில்லை என்று டெல்லிக்குப் போன் செய்தாள். டெல்லியிலிருந்து வக்கீலுக்குப் போன் போயிற்று. அரை மணி கழித்து ஒரு ஆள் சைக்கிளில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் மணியடித்தான். பிஷி பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தாள். சிலிண்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்று இரண்டு வீட்டிலும் எனக்குத் திட்டு. இனிமேல் மாடிப்பக்கம் போகக் கூடாது என்று அம்மா உத்தரவு போட்டாள்.

அந்த வாரம்தான் இங்கிலீஷ் மிஸ் ஒரு வேலை கொடுத்தார். ஒரு சின்ன இங்கிலீஷ் வார்த்தையை எடுத்துக்கொண்டு, அதற்கு எத்தனை அர்த்தம், அது எந்த மொழியிலிருந்து வந்தது என்றெல்லாம் தேடி சார்ட்டில் எழுதிவர வேண்டும். மற்ற பிள்ளைகள் ரன், பிளே, லைட் என்று எடுத்துக்கொண்டார்கள். நான் கேஸ் என்று எழுதிக் கொடுத்தேன். வீட்டில் நாள் முழுக்கக் காதில் விழுகிற வார்த்தை. தேடாமலே கிடைத்துவிடும் என்று நினைத்தேன்.

சார்ட் வாங்க அம்மா என்னைக் கரியாஹாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நடைபாதைக் கடையில் அவள் தலையணை உறை பேரம் பேசிக்கொண்டிருந்தபோது கடைக்காரர் அவளை அண்ணி முறை வைத்து, "பில்லோ கேஸ், பௌதி, சுத்தப் பருத்தி" என்றார். முதல் அர்த்தம் அங்கேயே கிடைத்தது. வரும் வழியில் பஸ்ஸிலேயே சூட்கேஸ், ஸ்டேர்கேஸ் இரண்டையும் சேர்த்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குத் தமிழ் சொல்லிக் கொடுப்பது அம்மா. நம் வேற்றுமைக்கும் இங்கிலீஷில் கேஸ் என்றுதான் பெயர் என்றாள். ஐ, ஆல், கு என்று விரல் மடக்கிக் காட்டினாள்.

மாலை அப்பா வழக்கம்போல் நடந்துகொண்டிருந்தபோது, "அப்பா, தமிழ்ல எட்டு கேஸ் இருக்காம்" என்றேன்.

அப்பா நின்றார். "எட்டா? எனக்கு ஒண்ணே தாங்கல."

அக்கா புத்தகத்தில் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். அந்த மாசத்தில் எங்கள் வீட்டில் கேட்ட ஒரே சிரிப்பு அது.

எங்கிருந்து வந்தது என்பதுதான் கிடைக்கவில்லை. அக்காவின் டிக்‌ஷனரியில் அதெல்லாம் இல்லை. மாடியில் பிஷியின் அப்பா வைத்துவிட்டுப் போன பெரிய டிக்‌ஷனரி இருந்தது. ஒரு கையால் தூக்க முடியாது. அம்மா பின்பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்து மேலே போனேன்.

பிஷி, சிலிண்டர் விவகாரத்தை மறக்காத முகத்தோடு கதவைத் திறந்தாள். இருந்தாலும் விஷயத்தைக் கேட்டதும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு புத்தகத்தைக் கட்டில்மேல் விரித்தாள். அவளுக்கும் தெரியாது, விரலை ஓட்டி ஓட்டி முணுமுணுத்துக்கொண்டே போனாள். திடீரென்று, "ஆரே, இது ஒரு வார்த்தையே இல்லைடி. ரெண்டு!" என்றாள்.

அவள் பேசியதெல்லாம் பெங்காலியில். எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். லத்தீனில் பெட்டிக்கு ஒரு சொல் இருந்தது. தலையணை உறை, சூட்கேஸ், மாடிப்படிக்கூண்டு எல்லாம் அந்தப் பெட்டியின் வம்சம். பழைய அச்சகங்களில் பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் மேலும் கீழுமாக இரண்டு பெட்டிகளில் போட்டு வைத்திருந்தார்களாம். அப்பர் கேஸ், லோயர் கேஸ் என்று மிஸ் சொல்வது அதைத்தான். இன்னொரு சொல்லுக்கு விழுதல் என்று பொருள். நம்மேல் வந்து விழுவதெல்லாம் அந்தப் பக்கம்: கோர்ட் கேஸ், அம்மா சொன்ன வேற்றுமை, ஆஸ்பத்திரி கேஸ். இரண்டும் பிரெஞ்சுக்காரர்கள் வாயில் புகுந்து வந்ததில் ஒரே சாயலாகிவிட்டன.

"ஆஸ்பத்திரி கேஸ்னா?"

"நோய் வந்த ஆளையும் கேஸ்னுதான் சொல்லுவாங்க. டைபாய்டு கேஸ், மலேரியா கேஸ்."

எழுதிக்கொண்டேன். பிறகு, ஒன்றும் யோசிக்காமல், "எங்க அப்பா கேஸ் எதுல வரும்? பெட்டியா, விழறதா?" என்று கேட்டேன்.

பிஷி கண்ணாடியைக் கழற்றினாள். "விழறதுதான். நம்ம எல்லார் மேலயும்" என்று சொல்லிப் புத்தகத்தை மூடினாள். நான் எழுந்திருப்பதற்கு முன்பே அவள் நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

அத்தோடு கீழே வந்திருந்தால் ஒன்றுமில்லை. படித் திருப்பத்தில் பூபாய்தா நின்றுகொண்டிருந்தான். பிஷியின் டெல்லி அண்ணன் மகன். காலேஜ் படிக்க வந்து அவளோடு தங்கியிருந்தான். வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது என்று எப்போதும் படியில் நின்றுதான் போன் பேசுவான். என்னைப் பார்க்காமல் யாரிடமோ சிரித்துக்கொண்டே சொன்னான்: "நீச்சேர் காக்கூர் கேஸ் புரோ ஜொண்டிஸ்."

நீச்சேர் காக்கு என்றால் கீழ்வீட்டு மாமா. அதாவது என் அப்பா. புரோ என்றால் முழுக்க. கேஸ் என்றால் நோய் வந்த ஆள் என்று இரண்டு நிமிஷத்துக்கு முன்புதான் எழுதியிருந்தேன். ஜொண்டிஸ் எது என்று எனக்குத் தெரியும். என் வகுப்புத் தோழி ஒருத்தியின் சித்தப்பா அந்த வருஷம் பூஜை லீவில் மஞ்சள் காமாலை வந்து செத்துப்போயிருந்தார். ஒரு விஷயம் கையை மீறிப் போய்விட்டால் கல்கத்தாப் பையன்கள் விளையாட்டாகக் கேஸ் ஜொண்டிஸ் என்பார்கள் என்பதும், பூபாய்தா சொன்னது கோர்ட்டு விவகாரத்தை என்பதும் எனக்கு அப்போது தெரியாது.

கீழே வந்து அப்பாவின் கண்ணைப் பார்த்தேன். மஞ்சளாகத்தான் இருந்தது. குண்டு பல்பு வெளிச்சத்தில் எங்கள் எல்லார் கண்ணும் அப்படித்தான் இருந்திருக்கும். நான் மற்றவர்களைப் பார்க்கவில்லை. அப்பா பாதிச் சோற்றில் கையை உதறினார். பசியில்லை என்றார். ஆபீஸிலிருந்து இரண்டு நாள் சீக்கிரம் வந்து வக்கீல் வீட்டுக்குப் போனார். டாக்டரிடம் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அம்மா அவரிடம் தாழ்ந்த குரலில், "இன்னும் எவ்வளவு நாளாம்?" என்று கேட்டதையும், அவர், "இந்தத் தடவையோட முடிஞ்சிடும்னு சொல்றார்" என்றதையும் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

யாரும் எனக்குச் சொல்லவில்லை என்பதாலேயே அது உண்மை என்று தோன்றிற்று. நான்கு நாள் ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. வகுப்பில் பென்சிலைக் கடித்துக் கடித்து ஈயம் வெளியே வந்துவிட்டது. மஞ்சள் காமாலைக்கு எண்ணெய் ஆகாது என்று தோழி சொல்லியிருந்தாள். ஊறுகாய் ஜாடியை எடுத்துப் பின்பக்கச் சாக்கடையில் கவிழ்த்தேன். அம்மா அப்பளம் பொரிக்க வாணலியை வைத்தபோது அழுது புரண்டு தடுத்தேன். எண்ணெய்த் தூக்கை அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்தேன். எனக்கு என்ன வந்துவிட்டது என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஐந்தாம் நாள் தாங்கமுடியாமல் மாடிக்குப் போனேன். வேறு யாரிடம் போவது? "அப்பாவுக்கு ஜொண்டிஸ். யார்கிட்டயும் சொல்லாதே" என்பதற்குள் அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. பிஷி என்னைக் கட்டிலில் உட்கார வைத்தாள். யார் சொன்னது, டாக்டர் பார்த்தாரா, ரத்தம் எடுத்தார்களா என்று கேட்டுக்கொண்டே போனாள். நான் தலையைத் தலையை ஆட்டினேன். அவள் கணவர் போனது அந்த நோயில்தான் என்பது எனக்கு அப்போது தெரியாது. அவள் கை என் முதுகில் அப்படியே நின்றுபோனது மட்டும் நினைவிருக்கிறது.

அன்று விளக்கு வைக்கும் நேரத்தில் எங்கள் கதவு தட்டப்பட்டது. அம்மா திறந்தாள். மூடி போட்ட ஒரு பாத்திரத்தோடு பிஷி நின்றாள். பின்னால் பூபாய்தா, கையில் இரண்டு இளநீர்.

"பௌதி, கேஸ் கேஸா இருக்கட்டும்" என்றாள் பிஷி. "மனுஷனுக்கு உடம்பு இப்படி இருக்கும்போது ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? மேலேயே இருக்கேனே, நான் என்ன செத்தா போயிட்டேன்?"

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "யாருக்கு உடம்பு, திதி?" என்று பழையபடி அக்கா முறை வைத்தே கேட்டாள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவள் பிஷியிடம் பேசிய முதல் வார்த்தை அது.

அப்போது பார்த்து அப்பா வெளியிலிருந்து வந்தார். வீட்டில் நாலு நாளாக எண்ணெய்ப் பண்டமே கண்ணில் படாததால், தெருமுனைக் கடையில் கத்தரிக்காய் பஜ்ஜி வாங்கி, காகிதத்தோடு கையில் பிடித்து, வாயில் ஒன்றை மென்றுகொண்டே வந்தார். பிஷி அலறிவிட்டாள். "ஜொண்டிஸோட பேகுனி திங்கிறீங்களா? உங்களுக்குப் பைத்தியமா, தாதா?" என்றாள், கூடப்பிறந்த அண்ணனை அதட்டுவதுபோல்.

அப்பா வாயில் இருந்ததை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல், "யாருக்கு ஜொண்டிஸ்?" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பூபாய்தாவைப் பார்த்தேன். "அவன்தான் படியில நின்னு சொன்னான். நீச்சேர் காக்கூர் கேஸ் ஜொண்டிஸ்னு."

பூபாய்தாவின் முகம் சிவந்ததுபோல் வேறு யார் முகமும் சிவந்து பிறகு நான் பார்த்ததில்லை. இளநீரைக் கீழே வைத்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டே, அது ஒரு பேச்சு, நோய் இல்லை, காக்குவின் கேஸ் தோற்கப் போகிறது என்றுதான் சொன்னேன் என்றான்.

யாரும் சிரிக்கவில்லை. அப்பா பஜ்ஜிக் காகிதத்தை மெதுவாக மடித்தார். "சரியாத்தான் சொல்லியிருக்கான்" என்றார். "எங்க வக்கீலும் அதையேதான் சொல்றார். வர்ற வாய்தாவோட சரி."

பிஷி பாத்திரத்தை வைக்க இடம் தேடினாள். மேஜை முழுக்க அக்காவின் புத்தகங்கள். அக்கா அவசரமாக ஒதுக்கிக் கொடுத்தாள். அவளைப் பார்த்து பிஷி, "பரீட்சை எப்போ?" என்று கேட்டாள்.

"மார்ச்ல ஆரம்பம். முடியறதுக்கு மாசக் கடைசி ஆகும்."

பிஷி தலையை ஆட்டினாள். "பப்பாளிக்காய் வேகவைச்சது. கொண்டுவந்தாச்சு, சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு மாடியேறிப் போய்விட்டாள்.

நான் அதில் ஒரு வார்த்தையையும் நம்பவில்லை. குழந்தை அழுகிறது என்று பெரியவர்கள் சேர்ந்து நாடகம் போடுகிறார்கள் என்று நினைத்தேன். அடுத்து நடந்தது என் சந்தேகத்தை உறுதியாக்கிற்று.

வாய்தா அன்று அப்பா இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு அலிப்பூருக்குக் கிளம்பினார். ஒரு டிராஃபிக் சிக்னலில் நிற்கும்போதே வக்கீலிடமிருந்து போன். வரவேண்டாம், கேஸ் ஏப்ரலுக்குத் தள்ளிப் போய்விட்டது. வாய்தா கேட்டது நாங்கள் இல்லை, எதிர்த்தரப்பு. கீழ்வீட்டுக்காரருக்கு மஞ்சள் காமாலை, இந்த நிலையில் அவரை அலைக்கழிக்க வேண்டாம் என்று பிஷியே தன் வக்கீலிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள். திரும்பி வந்த அப்பா செருப்போடு நேராக உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மருத்துவச் சான்றிதழ் ஒன்று வாங்கிக் கொடுத்தால் தேதி தள்ளிவிடலாம் என்று எங்கள் வக்கீல் முன்பே சொல்லியிருந்தாராம். பொய்ச் சான்றிதழ் என்னால் ஆகாது என்று மறுத்தவர் அப்பா.

இரண்டு நாள் கழித்து பிஷி என்னைக் கூப்பிட்டாள். "அண்ணன் டெல்லியிலேருந்து வர்றார். உங்க அப்பாவை ரெண்டு நாள் படுக்கையை விட்டு எழுந்திருக்க வேண்டாம்னு சொல்லு."

அப்பா படுத்தார். போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார். டெல்லி அண்ணன் வாசற்படியில் நின்றே எட்டிப் பார்த்து, ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயத்தில் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, நல்ல லிவர் டாக்டர் ஒருவர் இருக்கிறார் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா திரும்பவே இல்லை. நோய் முற்றிவிட்டது என்று நான் பயந்தேன். உப்புப் போடாத பப்பாளியைக் கரண்டியால் ஊட்டினேன். அவர் மறுக்காமல் வாயைத் திறந்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. காமாலை அப்படித்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டேன்.

மாடியில் அன்று இரவுச் சாப்பாட்டு நேரம்வரை சண்டை. ஒரு பாத்திரம் விழுந்தது. பூபாய்தா படியில் வந்து உட்கார்ந்து காதில் இயர்போனைச் செருகிக்கொண்டான். புரமோட்டர் காத்திருக்கமாட்டேன் என்கிறார் என்று அண்ணனின் குரல். பிஷியின் பதில் கேட்கவில்லை. செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

புதுக் கட்டடத்தில் பிஷிக்கென்று இரண்டாவது மாடியில் தெற்குப் பார்த்த ஃபிளாட் ஒன்று பேசியிருந்தார்களாம். இந்தத் தாமதத்தைச் சாக்காக வைத்து அதை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். கடைசியில் அவளுக்குக் கிடைத்தது தரைத்தளத்தில் பின்பக்கம். பட்டப்பகலிலும் விளக்குப் போட வேண்டிய வீடு. இதை அப்பா என்னிடம் சொன்னது நான் வேலைக்குப் போன பிறகு. அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை, பூபாய்தா மூலமாகத்தான் தெரிந்ததாம்.

சார்ட்டுக்கு மிஸ் வெரி குட் போட்டார். கேஸ் ஜொண்டிஸ் என்று நான் கடைசியில் சேர்த்திருந்ததை மட்டும் சிவப்பு மையால் அடித்திருந்தார். அக்கா பரீட்சையை நன்றாக எழுதினாள். ஏப்ரலில் அப்பா கோர்ட்டுக்குப் போய், காலி செய்ய சம்மதம் என்று தானே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். தெற்குக் கோடியில், கரியாவைத் தாண்டி ஒரு வீடு கிடைத்தது.

சாமான் வண்டி வந்து நின்ற காலையில் எல்லாவற்றையும் ஏற்றி முடித்த பிறகு அம்மாவைக் காணவில்லை. மாடிக்குப் போயிருக்கிறாள் என்றாள் அக்கா. டிரைவர் இரண்டு தடவை ஹார்ன் அடித்தான். வெகு நேரம் கழித்து அம்மா இறங்கி வந்தாள். கண் சிவந்திருந்தது. புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"பிஷி திட்டினாளா?" என்று கேட்டேன்.

"இல்லை."

"பின்னே என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லலை" என்றாள் அம்மா. "ரெண்டு பேருமே ஒண்ணும் பேசலை."

எனக்குப் பொறுக்கவில்லை. அம்மாவே வலியப் படியேறிப் போயிருக்கிறாள். அவ்வளவு நேரம் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் அழவைத்து அனுப்பியிருக்கிறாளே என்று பிஷியின் மேல் அப்படியொரு கோபம் வந்தது. வண்டி கிளம்பியபோது நான் தலையை நிமிர்த்தவே இல்லை. அவள் பால்கனியில் நின்று கையாட்டிக்கொண்டிருந்தாள் என்று பிறகு அக்காதான் சொன்னாள்.